இரண்டு சாவிக்கும் திறக்கும்

தெருவில் அவனுக்குக் காதுக்காரர் என்று பெயர். காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்துவது அவன் தொழில். சத்தம் நுழையாத ஒரு சின்ன அறையில் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, "கேக்குதா? இப்ப?" என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான். பொறுமைசாலி. மனைவி மட்டும் கோபம் வந்தால், "ஊருக்கெல்லாம் காது வைக்கிறவருக்கு நான் பேசினா மட்டும் காது அடைச்சுக்கும்" என்பாள்.

மனைவிக்குக் கடலில் வேலை. கடலுக்கடியில் கண்டம் விட்டுக் கண்டம் போகிற கேபிள்கள் அறுந்துபோனால் தேடி எடுத்துச் சரிசெய்கிற கப்பல் ஒன்றில் இருந்தாள். கேபிளுக்குள்ளே தலைமுடி கனத்தில் கண்ணாடி இழைகள். அறுந்த இரண்டு முனைகளைக் கண்ணுக்கு நேரே வைத்து ஒட்டுவது அவள் பொறுப்பு. கரையில் ஒரு தொலைபேசிக் கம்பெனியில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தவள்தான். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால் கப்பலுக்கு ஆள் வேண்டும் என்று கேட்டபோது பெயர் கொடுத்தாள். ஆறு மாதம் என்று போனது நீண்டது, மறுபடியும் நீண்டது. ஒவ்வொரு தடவையும் அவனிடம் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவன், "உன் இஷ்டம்மா, உனக்குப் பிடிச்சிருந்தா இரு" என்றான்.

அடுத்த தெருவில் இருந்த அவன் அக்காவுக்கு இது தொண்டையில் சிக்கிய முள்.

"புருஷன் கப்பலேறுவான், பொண்டாட்டி வாசலப் பாத்துட்டு உக்காந்திருப்பா. இதான் உலகம். இங்க எல்லாம் தலைகீழ். என் தம்பி வாசலப் பாத்துட்டு உக்காந்திருக்கான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சொல்லி முடித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பாள்.

நாத்தனார் முறையில் அக்கா தம்பி மனைவிக்கு வைத்திருந்த பெயர் 'பூட்டு'. காரணம் இல்லாமல் இல்லை. அவள் எதையும் அடுத்தவர் இடத்தில் வைக்கமாட்டாள். உங்கள் பாஸ்வேர்டுகளையெல்லாம் எங்களிடம் கொடுங்கள், பத்திரமாக வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லும் கம்பெனிகளைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "வீட்டுச் சாவிக்கொத்த தெருமுனைக் கடையில குடுத்து வைக்கிற கதை" என்பாள். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே, இணையத்தின் வாசனை படாத ஒரு மூலையில், கணக்கு ஒன்றுக்கு ஒரு சின்னக் கோப்பாக எல்லாப் பாஸ்வேர்டையும் பூட்டி வைத்திருந்தாள். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்தால் திறக்கும். கட்டளையின் பெயரை மட்டும் வெறுமனே தட்டினால் ஒரு மரம் மாதிரி கிளைவிட்டு வரும்: வீடு, அதன் கீழே மின்சாரம், தண்ணீர், வாடகை; பயணம், அதன் கீழே ரயில், பேருந்து; கடைகள், அதன் கீழே ஏழெட்டு.

"பெட்டி ஒண்ணு, சாவி ரெண்டு. உன் சாவியாலயும் திறக்கும், என் சாவியாலயும் திறக்கும். உன் சாவி எனக்குத் தெரியாது, என் சாவி உனக்குத் தெரியாது" என்று கப்பலுக்குப் போவதற்கு முன் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அவனுடைய சாவிக்கென்று பகடை உருட்டி, சம்பந்தா சம்பந்தமில்லாத ஆறு சொற்களைப் பொறுக்கி, மனப்பாடம் செய்யவைத்தாள். அந்த ஆறு சொற்களை அவன் யாரிடமும் சொன்னதில்லை. கதை சொல்கிறவருக்கும் தெரியாது.

அக்கா இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதைக் காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். "என் பாஸ்வேர்ட திருடணும்னா அவன் முதல்ல என் சமையலறைக்குள்ள வரணும். வரட்டும், கரண்டி இருக்கு."

அவன் கற்றுக்கொண்டது ஒரே ஒரு கட்டளைதான். கணக்கின் பெயரைச் சொன்னால் பாஸ்வேர்டைத் திரையில் காட்டாமல் நகலெடுத்துக் கொடுக்கும், போய் ஒட்டிக்கொள்ளலாம். முக்கால் நிமிஷத்தில் அந்த நகலும் தானாக அழிந்துபோகும். அது போதும் என்று இருந்துவிட்டான். அவள் வைத்துவிட்டுப் போன பெட்டியைத் தினம் ஒருதரம் திறந்து மூடுவது அவனுக்கு ஒரு பழக்கமாகவே ஆகியிருந்தது. சில நாள் காரணமே இருக்காது. மரத்தை மட்டும் வரவழைத்து, அவள் வைத்த பெயர்களைப் படித்துவிட்டு மூடிவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பலிலிருந்து அழைத்தாள். செயற்கைக்கோள் வழியாக வரும் அழைப்பு. இங்கே பேசினது அங்கே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் இருவரும் ஒரே சமயத்தில் பேசி, ஒரே சமயத்தில் நிறுத்துவார்கள்.

"கேக்குதா?"

"கேக்குது. சொல்லு."

"லேப்டாப் போச்சு."

"அய்யோ. கடல்லயா?"

"கடல்ல போயிருந்தா நிம்மதி. மீனு பாஸ்வேர்ட வச்சுட்டு என்ன பண்ணும்? துறைமுகத்துல சாப்பிடப் போன எடத்துல பையோட தூக்கிட்டுப் போயிட்டாங்க. பென்டிரைவும் அதுலதான் இருந்துச்சு. நம்ம பெட்டியோட நகல், என் சாவி, எல்லாம்."

"உனக்கு ஒண்ணும் ஆகலயே?"

"எனக்கு என்ன? பசியோட திரும்பி வந்தேன், அவ்வளவுதான். இப்ப கேளு. என் சொல் தெரியாம அவன் திறக்க முடியாது. ஆனா திருடனுக்கு நாம ஏன் பரீட்சை வைக்கணும்? முதல்ல பெட்டியிலேருந்து என் சாவிய எடுத்துடு. நீ மட்டும் திறக்கிற மாதிரி மறுபடி பூட்டு. அப்புறம் ஒவ்வொரு கணக்கா போய் பாஸ்வேர்ட மாத்து. கட்டளையெல்லாம் மெயில்ல அனுப்பிட்டேன்."

"உன்னை எடுக்கணுமா?"

அவன் சொன்னது போய்ச் சேர்ந்து, அவள் பதில் வரும்வரை கோடு இரைந்தது.

"என் சாவியத்தான் எடுக்கச் சொன்னேன். இங்க வேற மெஷின் குடுப்பாங்க. புதுச் சாவி செஞ்சு அனுப்புறேன். அதுவரைக்கும் நீ மட்டும்தான்."

அன்றைக்கே செய்திருக்கலாம். மெயிலில் அவள் அனுப்பிய கட்டளை ஒரு வரிதான். குழந்தை கூடத் தட்டிவிடும். அவன் கம்ப்யூட்டரைத் திறந்தான், வரியைத் தட்டினான், கடைசிப் பொத்தானை அழுத்தாமல் எழுந்துபோய்த் துணி மடித்தான். திங்கள்கிழமை வேலை அதிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். செவ்வாய்க்கிழமை தலைவலி.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா சாப்பாட்டோடு வந்தாள். மேசைமேல் கறுப்புத் திரை அப்படியே இருந்தது.

"என்னடா இது, கம்ப்யூட்டர் செத்துப்போச்சா?"

"இல்லக்கா." விஷயத்தைச் சொன்னான்.

"அவ எடுக்கச் சொன்னா எடுத்துட்டுப் போயேன். இதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"எடுத்துட்டா அப்புறம் பெட்டி எனக்கு மட்டும்தான் திறக்கும்கா."

அக்கா டப்பாவைத் திறக்கப் போன கையை நிறுத்தினாள். கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டாள். "சாப்பிட்டுட்டுச் செய்" என்றாள். "வெறும் வயித்துல செய்யாதே."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவன் பொத்தானை அழுத்தினான். ஆறு சொற்களைக் கேட்டது, கொடுத்தான். திரையில் ஒவ்வொரு கணக்கின் பெயராக மேலேறி மேலேறிப் போயிற்று. மின்சாரம், தண்ணீர், வாடகை, ரயில். ஒவ்வொன்றும் அவளுடைய பூட்டைக் கழற்றிவிட்டு அவனுடையதை மட்டும் மாட்டிக்கொண்டு போனது. ஒரு பெருமூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

"அவ்வளவுதான்."

"இதுக்கா மூணு நாளு?" என்று சொல்லிக்கொண்டே அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்தது பாஸ்வேர்டுகளை மாற்றுகிற வேலை. ரயில் கணக்கிலிருந்து ஆரம்பித்தான். புதிதாக ஒன்று உண்டாக்கச் சொன்னதும், இங்கே ஏற்கெனவே இருக்கிறதே, அதன்மேல் எழுதட்டுமா என்று திரை கேட்டது. எழுது என்றான். எழுதியது. ரயில் தளத்துக்குப் போய் மாற்றினான். வேலை முடிந்தது.

இரண்டாவது, திரைச்சீலைக் கடை. இந்தத் தடவை சந்தேகத்துக்கு, பழையதைத் திரையிலேயே காட்டச் சொல்லிப் பார்த்தான். முதல் வரியில் பாஸ்வேர்டு. அதற்குக் கீழே, ஒரு வரி இடம் விட்டு, இப்படி இருந்தது:

'இனிமே இவன்கிட்ட வாங்காதே. கிளிப்பச்சைனு படம் போட்டுப் பாசிப்பச்சை அனுப்புறான். நீ பரவால்லனு சொல்லுவ. பரவால்ல இல்ல.'

அவன் நாற்காலியில் நேராக உட்கார்ந்தான். அவள் குரல். அப்படியே, மூக்கை லேசாகச் சுளித்துக்கொண்டு சொல்கிற குரல். இத்தனை மாதமாகத் தினம் அவன் திறந்து மூடிய பெட்டிக்குள் அவள் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் முதல் வரியை மட்டும் நகலெடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

அப்புறம்தான் உறைத்தது. ரயில் கணக்கின் கீழேயும் ஏதாவது இருந்திருக்கும். அவசரமாகத் திறந்தான். ஒரே ஒரு வரி, அவன் இப்போது உண்டாக்கிய எழுத்துக் குவியல் மட்டும். மேலே எழுதட்டுமா என்று கேட்டது மரியாதைக்காக அல்ல. இருந்த நகல் திருடன் கையில். அந்த வரிகள் போனது போனதுதான். தன் கையால் தானே அழித்தோம் என்பதை நினைக்க நினைக்க அவனுக்கு ஆற்றாமை பொங்கியது. என்ன எழுதியிருந்தாள் என்று தெரிந்தாலாவது தேவலை. தெரியாத ஒன்றைத் தொலைத்துவிட்டு எதை நினைத்து வருத்தப்படுவது?

அவள் மெயிலை மறுபடி படித்தான். 'கீழே இருக்கிறது போகக் கூடாதுன்னா இப்படித் தட்டு' என்று அவள் வேறு ஒரு கட்டளையையும் எழுதித்தான் இருந்தாள். அவன்தான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து வேலை ஆமை வேகத்தில் நடந்தது. ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று கணக்கு. கிளினிக்கிலிருந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு உட்காருவான். முதலில் திறப்பான், படிப்பான், அப்புறம் மாற்றுவான். சினிமாக் கொட்டகையின் கீழே, 'முன் வரிசை மலிவுனு எடுக்காதே, கழுத்து உன்னுது இல்ல, என்னுதும்தான்.' தண்ணீர் வரிக்குக் கீழே, 'பாஸ்வேர்ட் மறந்துட்டா, முதல் செல்லப்பிராணி எதுனு கேப்பான். கரண்டினு போட்டிருக்கேன். உண்மையச் சொன்னா எல்லாருக்கும் தெரியும்.' வீடு தேடுகிற தளத்தின் கீழே, 'தோட்டம் இருந்தா மட்டும் கூப்பிடு. தொட்டி வச்ச பால்கனிய தோட்டம்னு சொல்றவன நம்பாதே.' அவர்கள் வீடு தேடுவதை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் அந்தக் கணக்குக்கும் புதுப் பாஸ்வேர்டு போட்டான்.

கப்பலிலிருந்து மெயில் வந்தது. 'முடிஞ்சுதா இல்லயா? ஆமை கூட இந்நேரம் முட்டை வச்சுட்டுப் போயிருக்கும்.' அவன், 'இன்னும் கொஞ்சம் இருக்கு' என்று மட்டும் பதில் போட்டான். உன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், முடித்துவிட்டால் அதுவும் நின்றுவிடும் என்று எழுதத் தெரியவில்லை. தெரிந்தாலும் எழுதியிருக்கமாட்டான். அப்படித்தான் அவன்.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. மரத்தின் அடியில், தனிக் கிளையாக, 'டாக்டரம்மா' என்று இருந்தது.

குழந்தைக்காக நான்கு வருஷம் அந்த மருத்துவமனைக்கு நடந்தார்கள். ஊசி, மாத்திரை, காத்திருப்பு, மறுபடி ஊசி. ஒரே ஒரு தடவை தங்கியது. மூன்று மாதம்கூட முழுசாக நிற்கவில்லை. அதற்கப்புறம் டாக்டரம்மா, "உடம்பு களைச்சிருக்கு, போதும்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீடு திரும்பியவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்தால் அவள் உடைந்துவிடுவாள் என்று நினைத்தான். அவளும் எடுக்கவில்லை. வீட்டில் தண்ணீர் வந்ததா, கேஸ் வந்ததா என்ற பேச்சு மட்டும் மிச்சமிருந்தது. அந்தச் சமயத்தில்தான் கப்பலுக்கு ஆள் கேட்டார்கள்.

திறந்தான். முதல் வரியில் பாஸ்வேர்டு. கீழே:

'இனிமே இங்க போக வேண்டியதில்ல. ஆனா கணக்க மூடிடாதே. படம் இருக்கு.'

மருத்துவமனைத் தளத்துக்குள் நுழைந்தான். பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகளுக்குக் கீழே அந்த ஸ்கேன் படம் இருந்தது. சாம்பல் நிறத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு படம். நடுவில் ஒரு விதை அளவு வெளிச்சம். அன்றைக்கு டாக்டரம்மா விரலால் சுட்டிக் காட்டியபோது அவள் இவன் கையை எவ்வளவு அழுத்தினாள் என்பது இப்போது கையில் தெரிந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பாஸ்வேர்டை மாற்றும் பக்கத்துக்குப் போனபோது, மேலே சின்ன எழுத்தில் கடைசியாக உள்ளே வந்த தேதி போட்டிருந்தது.

லேப்டாப் திருட்டுப் போவதற்கு முந்தின வாரம்.

திருடன் அல்ல. இவனும் அல்ல. அதற்குக் கீழே இன்னும் சில தேதிகள் இருந்தன. எல்லாம் அவள் கடலில் இருந்த மாதங்கள். நடுக்கடலிலிருந்து, எழுத்து எழுத்தாக நகரும் இணையத்தில், இந்தப் படம் மேலிருந்து கீழே முழுசாக வருவதற்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தடவை அல்ல.

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். எதிர்வீட்டு மாடியில் யாரோ படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷமாக அவளை, வீட்டை மறந்து கடலோடு இருப்பவள் என்று, வெளியே சொல்லாமல், உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் நினைத்து வந்தது அவனுக்கு வெட்கமாக இருந்தது. வாய்விட்டு ஒருதரம் அவளைக் கூப்பிட்டான், அறையில் யாரும் இல்லாவிட்டாலும்.

திரும்பிவந்து பாஸ்வேர்டை மாற்றினான். மாற்றிய கையோடு இன்னொன்று புரிந்தது: இனி அவள் அந்தப் படத்தைப் பார்க்க முடியாது. ஞாபகம் இருந்தாலும் பழைய பாஸ்வேர்டு செல்லாது. புதியது இருக்கிற பெட்டி அவளுக்குத் திறக்காது. இத்தனை நாள் ஆமையாக ஊர்ந்தவனுக்கு இப்போது கால் தரையில் பாவவில்லை. 'எல்லாம் முடிஞ்சுது. உன் புதுச் சாவிய உடனே அனுப்பு. உடனே' என்று மெயில் போட்டான்.

இரண்டு நாளில் வந்தது. சாவி என்றால் திறக்கிற சாவி அல்ல. அது அவளிடமே இருக்கும். பூட்டுவதற்கு மட்டும் உதவும் பாதி. ஊரறியக் கொடுக்கலாம். கூடவே எழுதியிருந்தாள்: 'இத நான்தான் அனுப்பினேன்னு நம்பிடாதே. மெயில எவன் வேணாலும் நடுவுல மாத்தலாம். ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன். சாவியோட கைரேகைய, அதான் அதுக்குன்னு இருக்கிற எழுத்து, எண் வரிசைய, என் வாயால சொல்றேன். உன் திரையில இருக்கிறதோட ஒத்துப்போனா மட்டும் சேத்துக்கோ.'

ஞாயிற்றுக்கிழமை கோடு மிக மோசம். அங்கே காற்று. அவள் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் படிக்க ஆரம்பித்தாள். பி, சி, டி, ஈ எல்லாம் ஒரே மாதிரி 'ஈ, ஈ' என்று வந்து விழுந்தன.

"இரு, இரு" என்றான். இது அவன் தொழில். "தொலைவுல மெலிசான சத்தம் எல்லாம் முதல்ல செத்துப்போகும். எழுத்தச் சொல்லாதே, வார்த்தையாச் சொல்லு. ஏ-க்கு ஏணி. பி-க்கு பீப்பாய். சி-க்கு சீப்பு. டி-க்கு டீ."

"குடிக்கிற டீயா?"

"பின்ன? ஈ-க்கு ஈ."

"பறக்கிற ஈயா?" சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு கணம் தாமதமாக வந்து சேர்ந்தது. "சரி, எஃப்?"

"ஃபேன்."

"ஆரம்பிக்கிறேன். ஏழு, ஈ, சீப்பு, ரெண்டு."

"ஏழு, ஈ, சீப்பு, ரெண்டு. சரி."

"பீப்பாய், பீப்பாய், ஒம்போது, ஏணி."

"ரெண்டு பீப்பாயா?"

"ரெண்டு பீப்பாய். குடிகாரன் வீட்டு சாவி மாதிரி இருக்கு இல்ல?"

நான்கு நான்காகச் சொல்லிக்கொண்டே போனார்கள். அவள் சொல்ல, அவன் திரும்பச் சொல்ல, அவள் 'ம்' கொட்ட. சமையலறையில் கேஸ் அடுப்பின் பக்கத்தில் நின்று இருவரும் இவ்வளவு நேரம் பேசி எத்தனை காலம் ஆயிற்று என்று அவனுக்குத் தோன்றியது. டீயும் ஈயும் சீப்பும் ஆனாலும் அவள் குரல். அவன் எங்கேயும் அடையாளம் கண்டுகொள்ளும் குரல். கைரேகை என்று தனியாக ஒன்று தேவையே இல்லை என்றுகூட நினைத்தான். ஆனால் சொல்லவில்லை, சொன்னால் மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொல்வாள்.

கடைசி நான்கும் ஒத்துப்போயிற்று.

"சரியா இருக்கு" என்றான். "ரயில் கணக்குக்குக் கீழே என்ன எழுதியிருந்த?"

"ஏன்?"

"அழிச்சுட்டேன். தெரியாம."

"எனக்கே ஞாபகமில்லப்பா. ஜன்னல் சீட்ட எனக்கு விடுனு ஏதாவது எழுதியிருப்பேன். அப்ப மத்ததெல்லாம் படிச்சியா?"

"எல்லாம் படிச்சேன். டாக்டரம்மா கணக்கும்."

கோட்டில் இரைச்சல் மட்டும் வந்தது. வழக்கமான தாமதத்தைவிட இது நீளம் என்று காதுக்காரனுக்குத் தெரிந்தது.

"தேதியெல்லாம் பாத்தேன்" என்றான். "அடிக்கடி பாக்கிறியா?"

"ஒட்டு வேலை முடிஞ்சு கைய கழுவிட்டு வந்தா சில நாள் பாக்கணும்போல இருக்கும்." குரல் தணிந்திருந்தது. "நீ அதப்பத்திப் பேசவே இல்ல. மறந்துட்டனு நெனச்சேன். மறந்தவன எதுக்கு ஞாபகப்படுத்தணும்னு..."

"மறக்கல. பேசினா நீ அழுவியோனு இருந்துட்டேன்."

"அழுதா என்ன? அழுதுட்டுப் போறேன். உன் பக்கத்துல உக்காந்து அழுதிருப்பேன். நடுக்கடல்ல வந்து கக்கூஸ்ல உக்காந்து அழுதுட்டிருக்கேன்."

அவளே தொடர்ந்தாள். "நாளைக்குள்ள சொல்லணும். அடுத்த ஒப்பந்தத்துக்கு இருக்கியானு கேக்கிறாங்க. என்ன சொல்லட்டும்?"

உன் இஷ்டம் என்பது நாக்கின் நுனிவரை வந்தது. பழகின நாக்கு. அதைக் கடித்துக்கொண்டான்.

"வேணாம். வந்துடு."

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று பயந்து, சத்தமாக இன்னொரு தடவை சொன்னான். "வந்துடுமா. வீட்ல இருக்க முடியல."

"இத முதல் தடவையே சொல்றதுக்கு என்ன?" என்றாள். கோபமும் அழுகையும் சிரிப்பும் எது எதுவென்று பிரிக்க முடியாமல் வந்தன. "ஒவ்வொரு தடவையும் உன் இஷ்டம், உன் இஷ்டம். நான் இல்லாதது உனக்கு நிம்மதியா இருக்குனே நெனச்சுட்டேன்."

"நிம்மதியா? அக்காவ கேளு."

"அப்ப கையெழுத்துப் போடல" என்றாள். "ஆனா உடனே எறங்க முடியாது. அறுந்த கேபிள் இன்னும் கிடைக்கல. கிடைச்சு, ஒட்டி, திரும்பப் போட்டாதான் கரை."

"எப்ப கிடைக்கும்?"

"கடல்தான் சொல்லணும்" என்றாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

அவன் உடனே உட்கார்ந்து அவள் சாவியைச் சேர்த்தான். பெயர்கள் மறுபடி மேலேறிப் போயின. இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூட்டு. மொத்தத்தையும் கட்டி அவளுக்கு அனுப்பினான். மறுநாள் மதியம், அறைக்குள் ஒரு தச்சர் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அதிர்ந்தது. 'திறந்துடுச்சு. முதல்ல படத்தப் பாத்தேன்.' அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மைக்கில் அடுத்த சொல்லைச் சொல்ல மறந்து நின்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தச்சர், "நீங்க சொல்றது எனக்குக் கேக்கலயா, இல்ல நீங்க சொல்லவே இல்லயா?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

அதன்பின் வாரங்கள் போயின. கப்பல் ஒரு பெரிய கொக்கியைக் கடலடியில் இறக்கி, சேற்றைக் கிளறிக்கொண்டு, முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தது. ஒரு தடவை சிக்கியது கேபிள் அல்ல, பழைய நங்கூரம். இன்னொரு தடவை காற்று வந்து வேலையை நிறுத்தினார்கள். அவன் காலையில் எழுந்ததும், தான் பார்த்தே இராத ஒரு கடலின் வானிலையைப் பார்ப்பான். அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம் என்று அவனுக்கு இப்போது அத்துப்படி. கேபிள் கம்பெனி முதலாளிகூட அவ்வளவு கவலைப்பட்டிருக்கமாட்டார்.

"எப்படா வர்றா?" என்று அக்கா வந்தபோதெல்லாம் கேட்டாள்.

"கொக்கியில சிக்கினதும்."

"யாரு சிக்கணும், அவளா, கம்பியா?"

"கம்பிக்கா."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அன்று போகும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி, "இன்னைக்குக் காத்து எப்படி இருக்காம்?" என்று கேட்டாள்.

"நேத்தைக்கு இன்னைக்குப் பரவால்லக்கா. மேற்கால இருந்து வீசுது. அலை கொறஞ்சிருக்கு."

"கொறையட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவன் வாசலிலேயே நின்றான். தெருவில் சாயங்கால வெயில் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டிருந்தது. வேலைவிட்டுத் திரும்புகிறவர்கள் ஒவ்வொருவராகத் தெருமுனையில் தோன்றி, தங்கள் தங்கள் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.